பனியன் மாஸ்டரின் நெஞ்சில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டுப் புகைப்படங்களை வரிசையாகப் பார்த்தால், என் சித்தப்பாவுக்குக் குழந்தைகள் மேல் கொள்ளை ஆசை என்று தோன்றும். ஒவ்வொரு படத்திலும் ஒரு குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்பார். அது யார் வீட்டுக் குழந்தை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குழந்தை கிடைக்காத படங்களில் பூந்தொட்டி. பூந்தொட்டியும் கிடைக்காத ஒரு படத்தில் டேபிள் ஃபேன். அது அப்பாவின் கல்யாணப் படம். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு மின்விசிறியை வயரோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு சித்தப்பா அழகாகச் சிரிக்கிறார்.

சித்தப்பாவுக்கு நீச்சல் குளத்தில் வேலை. காலையில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார். மாலையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வார். அங்கே அவருக்குப் பனியன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் ஜட்டியோடு இறங்கும் தண்ணீரில் அவர் மட்டும் தடித்த கறுப்புப் பருத்தி பனியனோடு இறங்குவார். ஏறி வரும்போது பனியன் ஒரு வாளித் தண்ணீரைக் கூடவே கொண்டுவரும். பிழிந்துவிட்டு, அடுத்த பனியனை மாட்டிக்கொள்ள அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்.

விஷயம் வேறொன்றுமில்லை. சித்தப்பாவுக்கு மார்பு கொஞ்சம் பெரிது. ஆள் குண்டில்லை, வயிறு கூடக் கிடையாது. பள்ளியில் படிக்கும்போது இரண்டு பக்கமும் வீங்க ஆரம்பித்தது, அப்படியே தங்கிவிட்டது. விளையாட்டு வகுப்பில் சட்டையைக் கழற்றச் சொன்ன ஒரு நாள் வகுப்பே சிரித்திருக்கிறது. அதன் பிறகு அவர் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றியதில்லை.

"அப்புறம் எதுக்கு சித்தப்பா நீச்சலுக்குப் போனீங்க? உலகத்துல வேற வேலையே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கழுத்து வரைக்கும் மறைக்கற சட்டைய வேற எங்கடா தர்றாங்க?" என்றார். தண்ணீரைத்தான் சொன்னார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. தண்டால் எடுத்தால் கரைந்துவிடும் என்று யாரோ சொல்ல, விடியற்காலையில் வீடே அதிரத் தண்டால் எடுத்தார். அடியில் இருக்கும் தசை நன்றாக வளர்ந்தது. மேலே இருந்தது மட்டும் கரையவில்லை. முன்பு தரையில் இருந்ததை இப்போது மேடை போட்டு ஏற்றி வைத்ததுபோல் ஆகிவிட்டது. அதோடு தண்டாலை நிறுத்திவிட்டுத் தோளை முன்பக்கமாகக் குறுக்கி நடக்கப் பழகிக்கொண்டார்.

இந்த விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். எனக்கே எட்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவு ஏதோ தட்டுப்பட்டது, தொட்டால் வலித்தது. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் பயந்துகொண்டே இருந்தேன். அது தானாகவே போய்விட்டது. பெரும்பாலான பையன்களுக்கு அப்படிப் போய்விடுமாம். இதை அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வருடம் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சித்தப்பாவின் கதையை எழுத அதுவும் ஒரு காரணம்.

குளத்தில் பனியனுக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சித்தப்பா முதலில் சொன்ன பதில், "வெயில் ஒத்துக்காது." குளத்துக்கு மேலே கூரை இருக்கிறது. அடுத்தது, "சளி." சளி பிடித்தவர் எதற்கு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறார் என்று கேட்டபோது பேச்சு முட்டியது.

அப்படி முட்டி நின்ற ஒரு காலையில்தான் போஸ்ட்மாஸ்டர் உள்ளே புகுந்தார். அவர் தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுக்கும் வேலை போனாலும் சேதி கொடுக்கும் வேலையை விடாதவர். ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஊர்க்கதை முழுவதையும் பட்டுவாடா செய்வார்.

"மாஸ்டர், உண்மையச் சொல்லுங்க. நெஞ்சுல யாரு பேரையோ பச்சை குத்தி வச்சிருக்கீங்க. அதான?"

சித்தப்பா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான். மறுநாள் காலை குளத்தில் இறங்கிய அத்தனை பேரும் அவரை ஒரு தனி மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் தோளில் தட்டிக்கொடுத்து, "மறக்க முடியாதுதான் மாஸ்டர்" என்றார். காதல் தோல்வி கௌரவமான வியாதி. மார்பு பெரிதாக இருப்பது அப்படியில்லை. சித்தப்பா பொய்யை அப்படியே வைத்துக்கொண்டார். அது பனியனைவிட வசதியாக இருந்தது.

வினை ஒரு போர்டு வடிவத்தில் வந்தது.

டைல்ஸ் மாற்றுவதற்காகக் குளத்தைச் சில மாதங்கள் மூடினார்கள். தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது. இருந்தும் வேலை நேரம் முழுக்கச் சித்தப்பா பனியனோடு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காலிக் குளத்தைக் காவல் காத்தார். அடைத்துப்போன வடிகட்டியைத் திறந்து பார்த்த மேனேஜர் உள்ளேயிருந்து கறுப்பு நூல் பந்து ஒன்றை உருவி எடுத்தார். பூனைக்குட்டி அளவு இருந்தது. நேராகப் போய்ப் புது விதிகளை எழுத போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வந்தது ஒரு பெண். கடைகளின் பெயர்ப் பலகை, சுவர் விளம்பரம், லாரிக்குப் பின்னால் எழுத்து எல்லாம் தூரிகையால் எழுதுகிறவர். நான் அவரை போர்டு அக்கா என்று கூப்பிடுவேன். கை முழுக்கப் பெயிண்ட், காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிரஷ். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

"சார், காலி குளத்துல யாரும் மூழ்க மாட்டாங்க. கொஞ்சம் ஏணியப் பிடிக்கறீங்களா?"

சித்தப்பா பிடித்தார். அவர் மேலே எழுத எழுத, இவர் கீழேயிருந்து படித்துக்கொண்டே வந்தார். குளிக்காமல் இறங்கக் கூடாது. ஓடக் கூடாது. மூன்றாவது வரி வந்ததும் ஏணி ஆடியது. *பருத்தி ஆடை, பனியன் அணிந்து தண்ணீரில் இறங்கக் கூடாது.*

அக்கா மேலேயிருந்து குனிந்து பார்த்தார். "இது உங்களுக்கும் சேர்த்தா?"

"நான் இங்க வேலை பாக்கறவன்."

"அப்ப கடைசியில 'ஊழியர் தவிர'ன்னு சேத்துடவா? இடம் இருக்கு. சின்ன எழுத்துல போட்டா யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

சித்தப்பா அந்த நிமிடமே விழுந்துவிட்டார். ஏணி விழவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, காரணம் கேட்காமல், விதியையே வளைக்கத் தயாராக பிரஷ்ஷோடு நிற்கிறாள். ஆனால் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "வடிகட்டிக்கு யாரு ஊழியர், யாரு வாடிக்கையாளர்னு தெரியுமா? வேணும்னா நைலான் ஜெர்சி போடு." நைலான் ஜெர்சியைச் சித்தப்பா ஏற்கெனவே ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். அது நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதை எல்லாம் ஊருக்குக் காட்டிவிடும்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு போர்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் அப்பா பெயரில் ஒன்று. பிறகு "நாய் ஜாக்கிரதை". எங்களிடம் நாய் இல்லை. பிறகு "வாசலில் வண்டி நிறுத்தாதீர்". நாங்கள் குடியிருப்பது மாடியில்.

"தம்பி, உங்களுக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னா சொல்லுங்க. அடுத்து 'கழிவறை இந்தப் பக்கம்'னு ஒண்ணு வந்துச்சுன்னா நான் பொறுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

"இல்ல அண்ணி... அது..."

"அது என்ன அது? அந்த போர்டும் ஏற்கெனவே வந்துடுச்சா?"

சித்தப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த போர்டையும் எடுத்து நீட்டினார். அம்பு கூட அழகாக வளைந்திருந்தது.

அம்மா அன்றைக்கே போய்ப் பேசினாள். போர்டு அக்காவுக்குச் சித்தப்பாவைப் பிடித்துத்தான் இருந்தது. "ஏணிய ஒழுங்கா பிடிக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்று சொன்னாராம். கல்யாணம் முடிவானது மாதிரிதான். சித்தப்பா வீட்டில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். பனியனைப் பற்றி யோசிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

குளம் மூடியதால் போஸ்ட்மாஸ்டருக்குச் சேதி கொடுக்க ஆள் இல்லாமல் போயிருந்தது. தன் வீட்டுக்குப் பெயர்ப் பலகை எழுதக் கொடுக்க அவர் போன கடை, வேறு எது, அக்காவின் கடைதான்.

மறுநாள் மாலை அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாய் ஜாக்கிரதை போர்டுக்கு நேர் கீழே.

"உங்க நெஞ்சுல ஒரு பேரு இருக்காமே?"

சித்தப்பா திருதிருவென்று விழித்தார். கையில் ஒரு தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது.

"பேரு யாரோடதா வேணா இருக்கட்டும்" என்றார் அக்கா. "இந்த வயசு வரைக்கும் யாரும் யாரையும் நினைக்காமயா இருப்பாங்க? ஆனா எழுத்து என் தொழில். வாழ்க்கை பூரா கண்ணு முன்னாடி இருக்கப்போற எழுத்து. அத ஒரு தடவை நான் பாக்கணும். கோணலா இருந்தா யோசிப்பேன்."

"அழிச்சிடறேன்" என்று உளறினார் சித்தப்பா.

அக்காவின் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. "அழிக்க வேண்டாங்க. மறைக்கவும் வேண்டாம். ஈரச் சுவரு மேல பெயிண்ட் அடிச்சா எத்தனை நாளைக்கு நிக்கும்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை வந்து காட்டுங்க. இல்லன்னா இந்தப் பேச்சை விட்டுடலாம்."

அவர் போன பிறகு சித்தப்பா தலையணையை விடவே இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். சொல்லாவிட்டால் போய்விடுவாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். நடந்து நடந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அப்படி ஒரு யோசனை அவரைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது.

"அண்ணி, எனக்கு ஒரு பேரு சொல்லுங்க."

"எதுக்கு?"

"பச்சை குத்திக்கப் போறேன்."

பொய்யை உண்மையாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவர் கணக்கு. இருட்டில், தூரத்தில் நின்று, பெயர் இருக்கும் இடத்தை மட்டும் ஓட்டை வழியாகக் காட்டுவதாகத் திட்டம். அந்த ஓட்டையை எந்த பனியனில் போடுவது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள். "பொண்ணு பேரு வேணும்னா உங்க அண்ணனைக் கேளுங்க. நிறைய வச்சிருப்பாரு."

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா செய்தித்தாளை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

பச்சை குத்தும் கடைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அறை, ஊசி இயந்திரத்தின் ரீங்காரம், சுவர் முழுக்கப் புலியும் டிராகனும். கடைக்காரருக்குக் கழுத்திலிருந்து விரல் வரை படம். "எங்க குத்தணும்?" என்றார்.

"நெஞ்சுல."

"சரி, கழட்டுங்க."

சித்தப்பா உறைந்துபோனார். இத்தனை நேரம் திட்டம் போட்டவருக்கு, நெஞ்சில் பச்சை குத்த நெஞ்சைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"கழட்டாம... பனியனுக்கு மேலயே..."

"சார், நான் தையல்காரன் இல்ல."

கடைசியில், உயரத்திலிருந்து குதிப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பனியனைக் கழற்றினார். கடைக்காரர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து பார்த்தார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களைத் திறந்தார். அவர் மார்பில் இரண்டு பெரிய ஆந்தைகள். ஆந்தைகளின் கண்ணுக்கு அடியில், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரமாக, மெல்லிய பிறை வடிவத் தழும்பு.

"எனக்கும் இருந்துச்சு சார். ஜிம்முல உடம்பு ஏத்தறேன்னு கண்ட ஊசியும் போட்டுக்கிட்டதால வந்தது. ஆபரேஷன் பண்ணிட்டேன். தழும்பு தெரியக் கூடாதுன்னு ஆந்தை. நீங்க இது மேல குத்திக்கிட்டு நாளைக்கு ஆபரேஷன் பண்ணா பேரு கோணிக்கும். முதல்ல டாக்டரப் பாருங்க."

சித்தப்பா கண்ணைத் திறந்து ஆந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் தன்னைப் போல் இன்னொரு ஆள் இருக்கக்கூடும் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை. வீட்டில் என் புளியங்கொட்டைக் கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான்டா ஆரம்பிச்சுது" என்றார். பிறகு, "எவ்வளவு பேருடா இருக்கோம்!" என்றார், ஏதோ கட்சி ஆரம்பிக்கப்போகிறவர் மாதிரி.

டாக்டர் வேறு மாதிரி ஆள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர், அவசரமே இல்லாதவர். எப்போதிருந்து இருக்கிறது, வலிக்கிறதா, காம்பிலிருந்து ஏதாவது கசிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயிற்றுப்புண்ணுக்கு, ரத்த அழுத்தத்துக்கு, முடி கொட்டாமல் இருக்க என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். குடிப்பழக்கம், கல்லீரல், தைராய்டு எல்லாம் வந்தது. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இங்க காம்புக்கு அடியில கெட்டியா ஒரு வட்டம் இருக்கு பாருங்க. இது சுரப்பி. சுத்தி மெத்துன்னு இருக்கறது கொழுப்பு. உங்களுக்கு ரெண்டும் இருக்கு. வெறும் கொழுப்பா இருந்தா உடம்பக் குறைச்சா குறையும். சுரப்பி தண்டாலுக்குப் பயப்படாது."

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர் இது?"

"ஆம்பளை உடம்புலயும் கொஞ்சம் பெண் ஹார்மோன் ஓடும். பெண் உடம்புல ஆண் ஹார்மோன் ஓடற மாதிரிதான். வளர்ற வயசுல அந்த அளவு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், அப்ப மார்பு வீங்கும். ரொம்பப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல அடங்கிடும். சிலருக்கு அப்படியே தங்கிடும். உங்களோடது தங்கிடுச்சு. இதுக்கும் ஆம்பளைத்தனத்துக்கும் சம்பந்தமே இல்ல."

பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வெளியே வந்தபோது சித்தப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"நெஞ்சுக்கு வந்தா அங்க எதுக்குடா பாக்கறாரு?" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

டாக்டருக்குக் காது நன்றாகக் கேட்கும். "விதையில கட்டி ஏதாவது இருந்தாலும் மார்பு வீங்கும். பாக்காம விட்டா நான் டாக்டரே இல்ல" என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். எல்லாம் சரியாகவே வந்தது. ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி, காம்பில் ரத்தம், தோல் உள்ளே இழுத்துக்கொள்வது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் உடனே ஓடிவர வேண்டுமாம். ஆண்களுக்கும் அரிதாக மார்பில் புற்றுநோய் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"மாத்திரையில போகுமா?"

"புதுசா, வலியோட இருக்கும்போது கொடுத்தா சில சமயம் கேக்கும். இது பழசாகி இறுகிடுச்சு. இனிமே ஆபரேஷன்தான். கருவட்டத்தோட ஓரத்துல சின்னதா கீறி சுரப்பிய எடுத்துட்டு, மெல்லிசு குழாயால கொழுப்ப உறிஞ்சி எடுப்போம். சில பேருக்கு உள்ள ரத்தம் கட்டும், கொஞ்ச நாள் மரத்துப்போகும், ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒண்ணுமே பண்ணாம இப்படியே இருந்தாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு எது தொந்தரவா இருக்கு?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை, டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடைக்கு நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் வெளியே, சாய்த்து வைத்த பலகைகளின் பக்கத்தில் நின்றுகொண்டேன். பலகைகளின் இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. டர்பன்டைன் வாசனையில் சித்தப்பா இரண்டு முறை தும்மினார்.

"வந்தீங்களா? காட்டுங்க" என்றார் அக்கா.

சித்தப்பா பனியனின் கீழ் ஓரத்தைப் பிடித்தார், விட்டார். சுற்றிலும் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"எனக்கு... ஒரு போர்டு எழுதணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அக்கா ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு பிரஷ்ஷை நனைத்தார். "சொல்லுங்க."

"இந்த நெஞ்சில்..."

"இந்த... நெஞ்சில்... ம்."

"பச்சை எதுவும் இல்லை."

பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. "எதுவும் இல்லை. முற்றுப்புள்ளி வைக்கவா?"

"வைங்க. அடுத்த வரி. மார்பு கொஞ்சம் பெரிது."

நான் பலகை இடுக்கில் இன்னும் நெருங்கி நின்றேன்.

"இந்தக் 'கொஞ்சம்' இருக்கே" என்றார் அக்கா, தொழில் குரலில். "இத பெரிய எழுத்துல போடவா, சின்ன எழுத்துல போடவா?"

"உங்க இஷ்டம்."

"நடுத்தரமா போடறேன். அப்புறம்?"

"அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல இருந்தே இருக்கு. யாருகிட்டயும் சொன்னதில்ல. பேரு, காதல் எல்லாம் போஸ்ட்மாஸ்டர் கட்டின கதை. நான் இல்லன்னு சொல்லல, அது என் தப்பு. டாக்டரப் பாத்தேன். வியாதி ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நீங்க சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க."

அக்கா சிரித்தார். ஆனால் சித்தப்பா பயந்த சிரிப்பு அது இல்லை. "இதுக்காகவா இத்தனை போர்டு வாங்கினீங்க? ஏங்க, நான் ஏணி மேல நின்னவ. நீங்க கீழ நின்னீங்க. கழுத்து தொளதொளன்னு தொங்கற பனியன். மேலருந்து பாத்தா எல்லாம் தெரியாதா?"

"தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"மூணாவது வரிக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான 'ஊழியர் தவிர' போடவான்னு கேட்டேன். பச்சைன்னு கேட்டதும்தான் பயந்துட்டேன். நான் பாத்தப்ப இல்லாத எழுத்து எப்படி வந்துச்சுன்னு. பொய்யா சொல்றாரு, இல்ல நேத்து போய்க் குத்திக்கிட்டாரான்னு."

பலகைகளுக்குப் பின்னால் நின்ற நான் என்னை மறந்து இருமிவிட்டேன்.

"அங்க யாரு? உள்ள வாடா" என்றார் அக்கா. "உங்க சித்தப்பா நிஜமாவே குத்திக்கப் போனாரா?"

"போனார்" என்றேன். அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பாவும் உட்கார்ந்துவிட்டார். எந்தக் குழந்தையும் பூந்தொட்டியும் கையில் இல்லாமல் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்காகன்னா வேண்டாம். உங்களுக்கு வேணும்னா பண்ணிக்கங்க." சித்தப்பா பல நாள் யோசித்தார். ஒரே ஒருமுறை வெறும் உடம்போடு குதிக்க வேண்டும், தோலில் தண்ணீர் எப்படிப் படும் என்று தெரிய வேண்டும் என்றார். பண்ணிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் டாக்டர் அவரிடம் நீட்டியது ஒரு பனியன். கறுப்பு, உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ரகம். வீக்கம் வடிய, தோல் ஒழுங்காகப் படிய, சில வாரங்கள் அதைப் பகலும் இரவும் போட்டிருக்க வேண்டுமாம். பனியனிலிருந்து தப்பிக்க ஆபரேஷன் செய்துகொண்டவருக்குப் பனியனே மருந்து. அம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நிற்பாள். "சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையல் இழுக்குது" என்பார் சித்தப்பா.

வீக்கம் வடிந்தது. வலது பக்கம் லேசாகப் பள்ளம் மாதிரி இருக்கிறது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். கல்யாணம் நடந்தது. படத்தில் சித்தப்பாவின் இரண்டு கைகளும் சும்மா தொங்குகின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விழிப்பது அப்படியே தெரிகிறது.

டாக்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொன்ன பிறகுதான் குளமும் திறந்தது. சித்தப்பா தண்ணீரில் குதிக்கும் உயரப் பலகையில் ஏறி, ஜட்டியோடு நின்றார். கீழே அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: என்ன பெயர்? சித்தப்பா குதித்தார். வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

போஸ்ட்மாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் தத்தித் தத்தி அருகே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நெஞ்சைப் பார்த்தார். கருவட்டத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக அந்தப் பிறைத் தழும்பு.

"அடப்பாவி! அழிச்சுட்டீங்களே மாஸ்டர்!"

சித்தப்பா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நிஜமாகவே சொல்லத்தான் போனார். அதற்குள் ஏணியின் உச்சியிலிருந்து சித்தியின் குரல் வந்தது. ஆம், இப்போது அவர் எனக்குச் சித்தி. ஆழமான பக்கத்துச் சுவரில் ஒரு புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார் அழிக்கச் சொன்னேன். எழுத்து ரொம்பக் கோணல்!"

"என்ன பேரும்மா அது?"

"அதச் சொல்லிட்டா அழிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

போஸ்ட்மாஸ்டர் அன்று முழுக்க ஆழமில்லாத பக்கத்தில் புதுச் சேதியை விநியோகித்தார். சித்தப்பாவுக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. மனைவிக்காக நெஞ்சையே செதுக்கிக்கொண்ட மனிதர்! "நான் உண்மைய சொல்லலாம்னு இருந்தேன்" என்று சித்தப்பா வீட்டில் முணுமுணுத்தார். "கேக்கறவங்களுக்குச் சொல்லுங்க. வேடிக்கை பாக்கறவங்களுக்கு எதுக்கு?" என்றார் சித்தி. அவர் சொன்னபடியே ஆயிற்று. போன மாதம் குளத்துக்கு ஒரு மாணவன் சட்டையோடு வந்து, இறங்காமல் ஓரமாகவே நின்றான். சித்தப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், தழும்பைக் காட்டினார். டாக்டரின் விலாசத்தையும் கொடுத்திருக்கிறார்.

அந்தப் புதுப் பலகையில் "ஆழமான பகுதி. நீந்தத் தெரியாதவர் இறங்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் அதைத் தினமும் சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். அதன் பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கிறது. அங்கேயும் அதே கையெழுத்தில் இரண்டு வரி இருப்பதும், அதில் "கொஞ்சம்" மட்டும் நடுத்தர எழுத்தில் இருப்பதும் வீட்டில் எங்களுக்குத்தான் தெரியும்.